ஆண்பனையோ பெண்பனையோ?

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, தமிழாசிரியரிடம் அவர்கள் எதிர்பார்த்தது யாது என்பது எமக்குத் தெரியாததன்று. வள்ளுவர் கண்ட கல்வி, கம்பர் கண்ட நட்பு என்றவாறு ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தால் மலர்க் குழுவினரும் மகிழ்ந்திருப்பர். எமக்கும் இரண்டு இரவுகள் மிஞ்சியிருக்கும். யாம் எழுதப் புகுந்ததோ கள்ளையும் சாராயத்தையும் பற்றி. சைவப் பெருமக்கள் வளர்த்த கல்லூரியின் மலரில் இஃது என்ன பொருள் என முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சில பக்கங்கள் பொறுத்தருள வேண்டும். இப்பொருளை யாம் தேடிச் சென்றோமல்லோம். எம் கல்லூரி மண்டபத்தில், மாணாக்கர் அனைவரும் பார்த்திருக்க, எம்மால் நிகழ்ந்த பிழையொன்றே எம்மை இதனிடம் கொண்டுவந்து விட்டது.

2018 ஆம் ஆண்டின் முதலாந் தவணை. இல்லங்களுக்கிடையிலான பொது அறிவுப் போட்டிக்கு வினாத் தொகுக்கும் பணி எம்மிடமும் வேறிரு ஆசிரியரிடமும் ஒப்படைக்கப்பட்டது. வினாவைத் தாமே ஆக்குவதற்கு நேரமில்லாத ஆசிரியர் எல்லாரும் செய்வதையே யாமும் செய்தோம். கடையில் வினாவிடைப் புத்தகம் ஒன்று வாங்கினோம். அதில் உணவும் பானமும் என்றொரு பகுதி. பானத்தில் நீருக்கும் பாலுக்கும் தேநீருக்கும் போக எஞ்சியன அனைத்தும் மதுபானங்களே. நாட்டிலும் அப்போது பேச்சு அதுவாகவே இருந்தது. பெண்கள் மதுபானம் வாங்குவதைத் தடுத்த 1979 ஆம் ஆண்டு விதி அவ்வாண்டு தை மாதத்தில் நீக்கப்பட்டு, சில நாட்களுள்ளே மீண்டும் வந்து சேர்ந்திருந்தது.

ஆசிரியர் அறையில் எதிர்ப்பு எழுந்தது. நாவலர் பெருமானின் பாலபாடத்தைப் படித்து வளர்ந்த மூத்த ஆசிரியர் ஒருவர், கள்ளுண்ணலைக் கடியக் கற்பிக்கும் இடத்தில் கள்ளின் குலங்கோத்திரத்தைக் கேட்பதா என்றார். விஞ்ஞான ஆசிரியரோ, நொதித்தல் பாடநூலில் உள்ளது, பரீட்சைக்கும் வருவது, அதற்கு அஞ்சினால் அப்பாடத்தைக் கிழித்துத்தான் எறிய வேண்டும் என்றார். இருவரும் எம்மை நோக்கினர். திருக்குறளின் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரம் கள்ளுண்ணாமை. அதனை ஆண்டுதோறும் படிப்பிக்கும் யாம், அதியமான் தந்த கள்ளை நினைந்து ஔவையார் இரங்கிய புறப்பாட்டையும் படிப்பிக்கின்றோம் என்று கூறி இரு பக்கமும் தலையாட்டி வைத்தோம். ஈற்றில் அதிபர் ஒரு வழி சொன்னார்: எதிலிருந்து செய்யப்படுகிறது, எங்கே தோன்றியது என்ற அளவில் கேளுங்கள், சுவையைப் பற்றிக் கேட்க வேண்டாம். சுவையைப் பற்றிக் கேட்டால் விடையைச் சரிபார்ப்பதற்கு நடுவருள் ஒருவரேனும் தேறார் என்பதை அதிபர் அறிந்திருந்தார் போலும்.

போட்டி நாளன்று அச்சுற்றுத் தொடங்கியதும் மண்டபம் ஒருமுறை சிரித்து அடங்கியது. பின்னர் நிகழ்ந்தது எம்மை வியப்பில் ஆழ்த்திற்று. சம்பேன் எந்நாட்டது? பிரான்சின் வடகிழக்கிலுள்ள அப்பெயருடைய பிரதேசத்தது. ரம் எதிலிருந்து? கரும்புப் பாகிலிருந்து. ஜின்னுக்கு மணம் தருவது? ஜூனிப்பர்க் காய். ரெக்கீலா? மெக்சிக்கோவின் நீலக் கற்றாழை. பியருக்குக் கசப்பைக் கொடுப்பது? ஹொப் என்னுங் கொடியின் பூ. வினா முடியுமுன் மணி அடித்தது. இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கு மதுபானம் விற்றலாகாதென 2006 ஆம் ஆண்டின் சட்டம் விதித்திருக்கின்றது. விளம்பரத்தையும் அதுவே தடுத்திருக்கின்றது. பதினாறு வயதுப் பிள்ளைகள் இவற்றை எங்கே படித்தனர் என வினவினோம். படத்தில் பார்த்தோம், கைப்பேசியில் பார்த்தோம் என்றனர்.

இடையிலே ஒரு வேடிக்கையும் நேர்ந்தது. வைன் எப்பழத்திலிருந்து என்ற வினாவுக்கு ஒரு மாணவி முந்திரிகை என்றாள். இல்லை, திராட்சை என்று அட்டையைப் பார்த்து அறிவித்தார் வினாத் தொடுத்த இளம் ஆசிரியர். மண்டபம் கொதித்தெழுந்தது. எம் ஊர்களில் முந்திரிகை என்பது திராட்சையே. அவர் நினைத்த கொட்டை எமக்கு மரமுந்திரிகை. புத்தகத்தின் தமிழுக்கும் வீட்டின் தமிழுக்கும் இடையே தமிழாசிரியர் என்ற முறையில் யாம் தலையிட்டு, புள்ளியை அவளுக்கே வழங்கினோம். அத்தலையீட்டுக்குக் கிடைத்த கைதட்டல் எம்மைச் சிறிது மயக்கியிருத்தல் வேண்டும்.

அவ்வுற்சாகத்திலே சொற்களைப் பற்றிச் சிறியதோர் உரையும் ஆற்றினோம். மதுசாரத்தைக் குறிக்கும் அல்ககோல் என்ற சொல் அரபு மொழியில் முதலிற் குறித்தது கண்ணுக்கு இடும் மையை. சாராயத்தை ஆங்கிலேயர் அரக் என்பர், அதுவும் அரபுச் சொல்லே, பொருள் வியர்வை. காய்ச்சி வடிக்கும் கலத்தின் கழுத்திற் பனித்து விழும் துளியைக் கண்டவன் இட்ட பெயர் அது. விஸ்கி என்பது கேலிக் மொழியில் உயிர்நீர் என்னும் தொடரின் சிதைவு. பிறண்டி ஒல்லாந்தர் மொழியில் எரித்த வைன். எங்கள் தவறணையோ போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற தவேர்ணா. ஊருக்கு ஊர் குடித்ததும் ஊருக்கு ஊர் பெயர் வாங்கியதும் தெரிகின்றன.

பியர் மேனாட்டாரின் பண்டம் என்று பிள்ளைகள் எண்ணியிருந்தமையால் பெரும்பாணாற்றுப்படையையும் எடுத்துரைத்தோம். தொண்டைமான் இளந்திரையன்மேற் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அப்பாட்டில் கள் சமைக்கும் முறை படிப்படியாகக் கூறப்பட்டிருக்கின்றது. அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் ஆறவிட்டு, முளையை இடித்துச் செய்த அடையை அதிற் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பர். வாற்கோதுமையை முளைக்கவைத்துப் பியர் சமைப்பவன் செய்வதும் இதுவே. தானியம் ஒன்றே வேறு. முளையில் மாவைச் சீனியாக்கும் பொருள் உண்டென்பதை அப்பாட்டின் மாந்தர் பெயர் சொல்லி அறிந்திலர், கையால் அறிந்திருந்தனர். வைனும் எமக்குப் புதிதன்று. யவனர் கொணர்ந்த தேறலைப் பருகி வாழ்க எனப் பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்திய பாட்டுப் புறநானூற்றிலே ஐம்பத்தாறாவது. புதுச்சேரிக்கு அண்மையில் அரிக்கமேட்டை 1945 இல் மோட்டிமர் வீலர் அகழ்ந்தபோது அத்தகைய வைன் வந்த உரோமச் சாடிகளின் உடைவுகள் மண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்பட்டன. இவ்வளவும் கூறி, நேரம் கடந்துவிட்டதென அதிபர் சைகை காட்டிய பின்னரே அமர்ந்தோம்.

கடைசி வினாவுக்கு முன் இரு இல்லங்கள் சமநிலையில் நின்றன. அட்டை எடுக்கப்பட்டது. பனையிற் கள் எம்மரத்திலிருந்து இறக்கப்படுகிறது, ஆண்பனையா, பெண்பனையா?

மணியை அழுத்தியவன் பூநகரிப் பக்கத்திலிருந்து வந்து உறவினர் வீட்டில் நின்று படித்த பதினோராந் தர மாணவன். அதுவரை அவன் வாய் திறந்திலன். சம்பேனும் ஜின்னும் அவனைக் கடந்து போயின. இப்போது மெல்லச் சொன்னான்: “ரெண்டும்.”

அட்டையில் ஆண்பனை என்று அச்சிட்டிருந்தது. வினாத் தொடுத்தவர் நடுவரான எம்மை நோக்கினார். யாம் மாணவனை நோக்கி, உறுதியாகச் சொல்கின்றாயா, விளக்குவாயா என்றோம். அவன் எம்மை ஒருமுறை பார்த்தான், பின் தலையைக் குனிந்தான், ஒன்றும் கூறினானல்லன். முந்திரிகைக்காக அட்டையை மறுத்த அதே யாம், பெண்பனை நுங்குக்கும் பழத்துக்கும் உரியது, ஆண்பனையே கள்ளுக்கு என எங்கோ கேட்ட நினைவோடு, அட்டையில் உள்ளதே விடை என்று தீர்ப்பளித்தோம். வினா மற்றை இல்லத்துக்குச் சென்றது. எஞ்சியது ஒரே விடை. அதனைச் சொல்லிக் கிண்ணத்தைப் பெற்றனர். தோற்ற இல்லத்துப் பிள்ளைகள் அவனைச் சூழ்ந்து, இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் இரண்டும் என்றாயே என்று கடிந்தமை எம் காதிலும் விழுந்தது.

இரு மாதங் கழிந்து, சித்திரையில், ஓர் இழவு வீட்டுக்காகப் பூநகரி சென்றோம். கிளிநொச்சி மாவட்டத்தில் பனையைக் காண வேண்டுமாயின் அங்கேதான் செல்லல் வேண்டும். எங்கள் பக்கம் இரணைமடு நீர் பாயும் வயலும் வாய்க்காலுமாக இருக்கும். அங்கோ மணலும் உப்புக்காற்றும் பனையுமே. தெருவோரம் பேருந்துக்காக நின்ற வேளை அண்ணாந்து பார்த்தோம். எதிரே நின்ற பனையில் ஒரு பக்கம் நுங்குக் குலை தொங்கியது. மறுபக்கம், கட்டிய பாளையொன்றின் நுனியில் முட்டி தொங்கியது. ஒரே மரம்.

எவ்வளவு நேரம் அவ்வாறு நின்றோமோ அறியோம். சைக்கிளில் வந்த முதியவரொருவர், “என்ன பாக்கிறியள்?” என்று நின்றார். தளைநாரும் பாளைக்கத்தியும் அவருடன் இருந்தன. பெண்பனையிலும் சீவுவதுண்டோ என்று கேட்டோம். அவர் எம்மைப் பார்த்த பார்வையில் ஏளனம் இல்லை; வியப்பே இருந்தது. ஆண்பனையின் பாளையை இடுக்கி கொண்டு நெரித்துப் பதப்படுத்த வேண்டும், பெண்பனையின் பாளையைத் தட்டித் தட்டி இளக்க வேண்டும், கைவேலைதான் வேறு என்றார். காலையும் மாலையும் ஏறி நுனியை மெல்லிதாகச் சீவாவிட்டால் ஊற்று அடைத்துக் கொள்ளும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது கருப்பநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பின் காரம் மதுவத்தை வளரவிடாது என்பது விஞ்ஞான ஆசிரியர் எமக்குப் பின்னர் கூறிய விளக்கம். மரத்துக்கு வரி கட்டிச் சீவிய காலத்தையும், எழுபதுகளிற் கூட்டுறவுச் சங்கம் வந்த பின் கள்ளை அங்கே அளந்து கொடுத்த காலத்தையும் முதியவர் சொல்லிக்கொண்டே போனார். பேருந்து வந்தது, யாம் ஏறினோமல்லோம், அடுத்த பேருந்திற்கு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம்.

மறுநாள் அம்மாணவனை அழைத்தோம். நூலக வாயிலில் எவருமில்லை.

“உன்னுடைய விடை சரி. உனக்கு அது முதலே தெரியுமா?”

“தெரியும் சேர். அப்பா ரெண்டிலையும் சீவுறவர்.”

“பிறகேன் தம்பி நீ சொல்லேல்லை? விளக்கச் சொல்லிக் கேட்டேனே.”

அவன் சிறிது நேரம் நிலத்தைப் பார்த்து நின்றான். “எப்பிடித் தெரியும் எண்டு கேட்டிருப்பியள், சேர்.”

இதற்கு மேல் எழுதுவது எமக்கு எளிதன்று. பனையேறும் தொழிலைப் பிறப்போடு பிணைத்து, அத்தொழிலாளருக்குக் கிணற்றையும் கோயில் வாயிலையும் மறுத்த சமூகத்திலிருந்தே யாமும் வந்தோம். மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது 1968 இல். அஃது எம் தந்தையார் காலம். போரும் இடப்பெயர்வும் முகாம்களும் எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்திய பின்னர் அவையெல்லாம் மறைந்தொழிந்தன என்று வகுப்பறைகளில் யாமே கூறியதுண்டு. ஐந்நூறு பிள்ளைகள் இருந்த மண்டபத்தில், அந்த ஒரு வினாவுக்குச் சரியான விடை அறிந்திருந்தவன் அவன். அவ்விடையை எவ்வாறு அறிந்தாய் என்ற கேள்விக்கு அஞ்சி அவன் தோல்வியை ஏற்றான். அவனை அஞ்ச வைத்தது அட்டை அன்று.

தவறைக் காலைப் பிரார்த்தனையில் அறிவிக்கப் போவதாகச் சொன்னோம். வேண்டாம் சேர் என்றான். அதிபரிடம் சென்று யாம் கண்டதைக் கூறினோம். ஆழ்ந்து யோசித்து, தவறு நடுவருடையது, அதனை மட்டும் சொல்லுங்கள் என்றார். அவ்வாறே, விடை இரண்டும் என்பதே சரி, அட்டை பிழை, அட்டையை நம்பிய நடுவர் அதனினும் பிழை என்று அறிவித்தோம். எம்மாணவனின் பெயரையோ அவன் வீட்டையோ சொன்னோமல்லோம். கிண்ணத்தை இரு இல்லங்களும் அரையாண்டு அரையாண்டாக வைத்துக் கொண்டன. கைதட்டல் எதுவும் இருக்கவில்லை; இருந்திருந்தால் எமக்குப் பொறுக்கவும் மாட்டாது.

யாம் இரசாயனம் கற்றவரல்லோம். ஆசிரிய கலாசாலையில் தமிழும் கற்பித்தல் முறையும் பயின்றதோடு சரி. ஆயினும் அன்றிலிருந்து இப்பொருளைத் துருவிப் படித்தோம். நொதித்தல் உயிருள்ள நுண்ணங்கிகளின் செயல் என நிறுவிய பாஸ்ரர், 1876 இல் பியரைப் பற்றித் தனி நூலே எழுதினார். மதுவம் சீனியைத் தின்று மதுசாரத்தை ஆக்கும். மதுசாரம் நூற்றுக்குப் பதினைந்தளவை அண்மியதும் தான் ஆக்கியதிலேயே அது மடியும். ஆகையால் ஐந்து வீதமளவான பியரும் கள்ளும், பன்னிரண்டளவான வைனும் நொதித்தலின் எல்லைக்குள் நிற்பன. அதற்கு மேற் செல்ல நெருப்பு வேண்டும். மதுசாரம் எழுபத்தெட்டுப் பாகை செல்சியசிலேயே ஆவியாகும். நீருக்கு நூறு வேண்டும். இவ்விடைவெளியிலேதான் நாற்பது வீதச் சாராயங்கள் அனைத்தும் பிறக்கின்றன. தென்னங்கள்ளை வடித்தால் நாடறிந்த சாராயம். வடமராட்சித் திக்கத்து வடிசாலையில் பனங்கள்ளை வடித்தெடுத்தது பனஞ்சாராயம்.

கசிப்பும் அவ்விடைவெளியிலேதான் பிறக்கிறது. அது புத்தகத்தில் இல்லை, அட்டையிலும் இல்லை. சீனியையும் மதுவத்தையும் பீப்பாயிற் புளிக்க விட்டுக் குளக்கட்டுக்கு அப்பாலுள்ள காட்டில் வடிக்கும் அப்பொருளுக்கு அளவும் இல்லை, காவலும் இல்லை. அதில் மெதனோல் கலந்துவிட்டால் முதலிற் போவது கண். மீள்குடியேற்றத்தின் பின் எம் கிராமங்களில் அது புகுந்த கதை இம்மலரைப் படிப்போர் பலருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போட்டிக்கு மறு தவணையில் பத்தாந் தரத்தினருக்கு, மதுபானத்தைப் பற்றி நீங்கள் அறிந்தவை என்று கட்டுரை கொடுத்தோம். சம்பேனை எவரும் எழுதவில்லை. ஒரு பிள்ளை எழுதியிருந்தாள்: தந்தையார் படலையைத் திறக்கும் ஓசையைக் கொண்டே அன்று எவ்வளவு குடித்திருக்கிறார் எனத் தனக்கும் தம்பிக்கும் தெரியும், படலை இரு முறை அடித்தால் தம்பியைக் கூட்டிக்கொண்டு அம்மம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். எழுத்துப் பிழை மூன்று இருந்தன. யாம் அவற்றைத் திருத்தினோம். புள்ளி இடும் இடத்தில் எதை எழுதுவதென்று தெரியாமற் பேனையை வைத்துவிட்டு, அக்கொப்பியை மாத்திரம் தனியே எடுத்து வைத்தோம். மறுநாள் அவள் வகுப்பாசிரியையிடம் அதனைக் காட்டினோம். அவ்வம்மையார் அன்று மாலையே அவ்வீட்டுக்குச் சென்றார்; பின்னரும் பலமுறை சென்றார். அவ்வீட்டின் நிலை முழுவதும் சீராயிற்று என்று எழுத எமக்கு ஆசைதான், சிறிது சீராயிற்று.

பூநகரி மாணவன் உயர்தரத்திற் தேறி, அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்துக்குச் சென்றான். எம் கல்லூரிக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லாமையால் இடைக்கிடை வருவான். இக்கட்டுரையை எழுதலாமோ என்று அவனிடமே கேட்டோம். பெயரைப் போட வேண்டாம், அப்பாவின் தொழிலைப் போடுங்கள் என்றான். முன்பு அவன் மறைத்தது தொழிலை. யாம் ஒன்றும் கூறாது தலையசைத்தோம்.

விழாவையொட்டிய பொது அறிவுப் போட்டிக்கும் வினாத் தொகுப்பது எம் பொறுப்பாயிற்று. இம்முறை புத்தகம் வாங்கினோமல்லோம். பழைய மாணவர் சிலரிடம் ஆளுக்குப் பத்து வினாக் கேட்டோம். கடற்றொழில் செய்பவர் முல்லைத்தீவிலிருந்து அனுப்பினார், நெற்செய்கையாளர் வவுனியாவிலிருந்து அனுப்பினார். பூநகரியான் பனையைப் பற்றிப் பத்து வினா எழுதிக் கொடுத்தான். அவற்றுள் ஏழுக்கு எமக்கு விடை தெரியவில்லை. தெரியாதென்று ஒப்பியபோது சிரித்துவிட்டு, விடைகளைத் தகப்பனாரிடம் கேட்டு எழுதி உறையிலிட்டு ஒட்டியிருப்பதாகச் சொன்னான். போட்டி நாள் வரை நடுவரும் அதனைப் பிரித்தலாகாது என்பது அவன் இட்ட நிபந்தனை. உறை எம் மேசை இழுப்பறையில் இருக்கின்றது. இரு முறை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தோம், தாள் தடிப்பானது.